முதல் நூலுக்கு வேண்டியது மேடையல்ல, வாசகர்

புலம்பெயர்ந்து வாழும் எம்மிடையே நூல்கள் பெருகி வருகின்றன. ரொறன்ரோவில் வார இறுதி நாட்களில் ஏதேனுமொரு மண்டபத்தில் நூல் வெளியீட்டு விழா நடைபெறுவது வழமையாகிவிட்டது. கையில் ஒரு பையுடன் வந்திறங்கிய மக்கள் தமது மொழியில் எழுதி அச்சேற்றுகின்றார்கள் என்பது பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால் வெளியிடப்பட்டவற்றுள் எத்தனை நூல்கள் வாசிக்கப்பட்டன என்று கேட்டால், அவ்வினாவுக்கு மகிழ்ச்சியான விடை கிடைப்பதில்லை.

விழா எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை யாவரும் அறிவர். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் என நிகழ்ச்சி நிரல் நீளும். முதற் பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பின்னர் சிறப்புப் பிரதி பெறுவோர் பெயர் சொல்லி அழைக்கப்படுவர். ஒவ்வொருவரும் மேடையேறி, கடித உறையொன்றைக் கொடுத்து, நூலைப் பெற்று, படமெடுத்துக்கொண்டு இறங்குவர். அந்த உறைக்குள் இருப்பது நூலின் விலையன்று. அழைத்தவருக்குச் செய்யும் மரியாதை. நாளை அவர் வீட்டில் ஒரு விழா நடந்தால் நூலாசிரியரும் உறையுடன் செல்லவேண்டும். இது கலியாண வீட்டு மொய்க் கணக்கேயன்றி நூல் வாணிபமன்று. பணம் திரும்பிவிடும், நூலோ திறக்கப்படாமலே அலுமாரியிற் போய்ச் சேரும். எஞ்சிய பிரதிகள் பெட்டிகளுடன் ஆசிரியரின் வீட்டு நிலக்கீழ் அறையில் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

விழா இல்லையேல் அச்சுக்கூலியை எங்ஙனம் மீட்பது என்று சிலர் கேட்பர். எம்மவர் ஒன்றுகூட இதுவும் ஒரு வாய்ப்பல்லவா என்றும் கேட்பர். இரண்டும் நியாயமான கேள்விகளே. விழாவே வேண்டாம் என்பது எமது வாதமன்று. விழாவோடு நூலின் வாழ்வு முடிந்துவிடக்கூடாது என்பதே எமது வாதம். வாழ்த்துரைகள் ஆறுக்குப் பதிலாக, நூலை முழுமையாக வாசித்த இருவர் பேசட்டும். நூலிலிருந்து இரண்டு பக்கங்களை ஆசிரியர் உரத்து வாசிக்கட்டும். மண்டப வாசலில் மேசையொன்றிட்டு, அட்டையில் அச்சிட்ட விலைக்கே நூலை விற்கட்டும். அவ்வாறு வாங்கியவர் வீட்டுக்குச் சென்று வாசிப்பார்.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் முப்பது வயதில் நாட்டைவிட்டு வெளியேறியவருக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரும், கிளாலிக் கடலில் இரவிற் படகேறியவர்களும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்களும் தத்தம் அனுபவங்களைத் தம்முடனேயே கொண்டுசென்றுவிட்டால், அவற்றைப் பிறர் எழுத இயலாது. இவர்களுள் ஒருவர் எழுதும் முதல் நூலே பெரும்பாலும் அவரது இறுதி நூலாகவும் அமையும். அது பெட்டிக்குள் அடங்கிப்போவது ஒரு தனிமனிதரின் நட்டம் மட்டுமன்று.

ஆகவே முதன்முதலாக எழுத விழைவோர் தமக்கு மட்டுமே தெரிந்ததை எழுதவேண்டும். போரின் வரலாற்றைப் பொதுவாக எழுதப் பலருளர். 1990 இன் பின்னர் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் போத்தல் விளக்கில் எவ்வாறு திரி போட்டுப் படித்தோம், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி எவ்வாறு வானொலி கேட்டோம், முகவருக்குக் கொடுக்க எந்தக் காணியை ஈடு வைத்தோம், இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் எந்த உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினோம் என்பவற்றை அனுபவித்தவரே எழுதமுடியும். இத்தகைய விடயங்கள் நூலின் எழுபதாம் பக்கத்தில் ஒளிந்திருக்க, முதல் இருபது பக்கங்களை அணிந்துரையும் வாழ்த்துரையும் நிறைத்திருப்பதைப் பல நூல்களிற் காண்கின்றோம். வாசகர் இருபதாம் பக்கத்துக்கு முன்னரே நூலை மூடிவிடுவார்.

எழுதி முடித்தவுடன் அச்சகத்துக்கு ஓடலாகாது. குறைந்தது மூவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து வாசிப்பிக்க வேண்டும். ஒருவர் மொழிப் பிழைகளைக் களையக்கூடியவராக இருத்தல் வேண்டும். மற்றவர் அதே ஊரையும் காலத்தையும் அறிந்தவராக, ஆண்டையும் பெயரையும் சரிபார்க்கக்கூடியவராக இருத்தல் வேண்டும். மூன்றாமவர் முகதாட்சண்ணியம் பாராது, "இவ்விடத்தில் எனக்குச் சலித்தது" என்று சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். இம்மூன்றாமவரைக் கண்டுபிடிப்பதே எம்மிடையே கடினம். நண்பரின் மனம் நோகுமென்று அஞ்சிப் புகழ்ந்துவிடுகின்றோம். அச்சேறிய பின்னர் முதுகுக்குப் பின்னால் குறை கூறுகின்றோம்.

அடுத்தது எண்ணிக்கை. முன்னர் அச்சுக் கோத்து ஓட்டுவதற்கான செலவு அதிகமாகையால் ஐந்நூறு, ஆயிரமென அச்சிட நேர்ந்தது. இன்று கணினி வழி அச்சு வந்தபின் ஐம்பது பிரதிகளையும் அச்சிடலாம்; முடிந்தபின் மீண்டும் அச்சிடலாம். உதாரணத்துக்கு, 300 பிரதிகளுக்கு 1,800 டொலர் செலவாகின்றதெனக் கொள்வோம். ஒரு பிரதி 6 டொலர். விலை 15 டொலரானால் 120 பிரதிகள் விற்றவுடன் முதல் மீண்டுவிடும். அந்த 120 பேர் யார் என்பதை நூலாசிரியர் அச்சிடுவதற்கு முன்னரே ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கவேண்டும். ஊர்ச் சங்கத்தில் எத்தனை பேர், பழைய மாணவர் சங்கத்தில் எத்தனை பேர், முதியோர் மன்றத்தில் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும். எழுபது பேரே தேறுவாராயின் நூறு பிரதிகள் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த முறை எமக்குப் புதிதன்று. கும்பகோணத்தில் ஆசிரியராகவிருந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்தபோது கையிற் பணமில்லை. நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று முயன்றார். 1887 இல் நூல் வெளிவந்தது. கையொப்பமிட்டவர் நூலுக்காகக் காத்திருப்பார், காத்திருந்தவர் வாசிப்பார். எம் மண்ணிலே டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகை இதழைத் தாமே கையிற் சுமந்து யாழ்ப்பாண வீதிகளில் விற்றார். தன் எழுத்தை விற்பது இழுக்கு என்று அவர் கருதவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்விதழ் நிலைத்ததற்கு அந்தக் கால்நடையும் ஒரு காரணம். இலவசமாகக் கொடுத்த நூல் மதிக்கப்படுவதில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

விற்பனைக்கு இணையான மற்றொரு கடமை நூலைப் பாதுகாப்பிற் சேர்ப்பது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. ஒரேயிடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியக்கூடும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? கனடாவில் நூலெண்ணை இலவசமாகவே பெறலாம். ஒட்டாவாவிலுள்ள தேசிய நூலகத்துக்கு நூறு பிரதிகளுக்கு மேல் அச்சிட்டவர் இரண்டு பிரதிகளும், அதற்குக் குறைவாக அச்சிட்டவர் ஒரு பிரதியும் அனுப்பவேண்டுமென்பது சட்டம். நகரப் பொது நூலகத்திலே தமிழ்ப் பிரிவுண்டு. உங்கள் நூலை வாங்குமாறு வாசகர்களும் விண்ணப்பிக்கலாம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்துக்கு அனுமதி வழங்கினால் நூல் மின்வடிவில் உலகெங்கும் கிடைக்கும். நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் நூல்தேட்டம் தொகுதிகளிலும் அது பதிவாகவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பொன்னாடையின் விலையைவிட அதிகமன்று.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே, பின் யாருக்காக எழுதுவது என்ற பெருமூச்சும் கேட்கின்றது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுட் பலருக்குக் கேட்டு விளங்கத் தெரியும். நூலின் இறுதியில் இரண்டு பக்கங்களில் ஆங்கிலச் சுருக்கம் சேர்க்கலாம். ஆசிரியர் தம் குரலிலேயே நூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். பேரப்பிள்ளை என்றோ ஒருநாள் தேடும்போது அக்குரல் இருக்கவேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வெளியீட்டு விழாவுக்குச் செல்லும்போது உறையில் ஐம்பது டொலர் வைப்பதைவிட, நூலின் விலையைக் கொடுத்து வாங்கி, ஒரு மாதத்துக்குள் வாசித்து, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பக்கம் உங்களைத் தொட்டது, எந்தப் பக்கம் தவறென்று பட்டது எனச் சொல்லுங்கள். முதல் நூலை எழுதியவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. எழுத நினைத்திருப்போரே, கொப்பியையும் பேனாவையும் இன்றே எடுங்கள். மண்டபத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.