செவிலியரின் ஆசிரியர் எங்கே உருவாகிறார்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவி)

நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பார்த்துக்கொள்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக வைத்தார் வள்ளுவர். அந்த நான்காமவருக்குக் கற்பிக்கிறவரைப் பற்றி நாம் என்றேனும் நினைத்ததுண்டா?

என் அக்காள் ஏழாண்டுகள் வார்டில் பணியாற்றிய செவிலியர். பின்னர் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். எங்கள் குடும்பத்தில் கரும்பலகையின் முன் நின்ற முதல் ஆள் அவர்தாம். ஆனால் முதல் மாதம் வீட்டுக்கு வந்தவர் அழுதார். "வார்டுல இருக்கறவங்க என்னை வாத்தியாரம்மான்னு ஒதுக்கறாங்க. பள்ளிக்கூடத்துல, நேத்து வரைக்கும் ஊசி போட்டவதானேன்னு பாக்கறாங்க. நான் யாருடி?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா பதில் சொன்னார். அவர் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவர். முதலில் அரம் பிடித்துத் தேய்த்து, பிறகு சாவி வெட்டி, பிறகே முழுப் பூட்டைத் தொட்டவர். ஒருநாள் மூத்த தொழிலாளி ஒருவர் தம் பூட்டையே நீட்டி, "இதைப் பார்த்துச் சொல்லப்பா" என்றாராம். அன்றுதான் தாம் தொழிலாளியானதாக அப்பா சொல்வார்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் இரு அறிஞர்கள் 1991-இல் எழுதிய நூலும் இதையே விளக்குகிறது. மெக்சிகோவின் யுகடான் பகுதி மருத்துவச்சிகளும் லைபீரியாவின் தையற்காரர்களும் தொழிலாளர் கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து, சிறுசிறு வேலை செய்து, மெல்ல நடுவுக்கு வருகிறார்கள். கைத்திறனோடு "நான் இன்னார்" என்ற உணர்வும் அங்கேதான் பிறக்கிறது.

அக்காளுக்கும் அப்படியே நேர்ந்தது. மூத்த ஆசிரியைகள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் கூடி, பாடம் நடத்திய விதத்தைப் பேசிக்கொள்வார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். வலியில் முனகுகிறவரை எப்படித் தொட்டுப் புரட்டுவது? "நீ வந்து என் பிள்ளைகளுக்குக் காட்டு" என்று ஒருவர் அக்காளை அழைத்தார். அன்று அவர் ஆசிரியரானார்.

ஆனால் கூட்டம் நல்லதை மட்டுமே கற்றுத்தரும் என்பதில்லை. "டாக்டர் முன் வாய் திறக்காதே" என்பதும் அதே வழியில்தான் தலைமுறை தாண்டி வருகிறது. எனவே எத்தகைய கூட்டம் என்பதும் முக்கியம்.

நம் மாவட்டத்திற்கு இது புதிதன்று. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் மருத்துவமனை, பயிற்சி, கிராமப் பணி ஆகியவை ஒரே இடத்தில் வளர்ந்தன. வேலூரில் 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பு வந்ததும் ஒரு மருத்துவமனையின் நிழலில்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். செவிலிய ஆசிரியருக்கு வாரம் ஒருநாள் வார்டில் இடம் வேண்டும். வார்டு செவிலியர் வகுப்பறைக்கு வரவேண்டும். புதியவரை முதலாண்டில் தனியே விடக்கூடாது. மாதம் ஒருமுறை சுற்று வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தை வீண் என்று கணக்கெழுதக் கூடாது.

நண்பர்களே, நம்மிலும் பலர் நாளை ஆசிரியராவோம். பட்டம் நமக்கு வேலைக்கான தகுதியைத் தரும். "வா, இதைப் பார்த்துச் சொல்" என்று அழைக்கும் ஒரு மூத்தவரே நம்மை ஆசிரியராக்குவார். நாம் மூத்தவரானபின் அப்படி அழைக்க மறவாதிருப்போம்.