மீண்டும் பார்த்தல்

விருத்தாசலத்தில் மெருகிடும் பீங்கான் பொருள்களை இருமுறை சுடுவதுண்டு. முதற்சூடு உறுதி தரும். மெருகுப்பூச்சுக்குப் பின் இடும் இரண்டாம் சூடே பளபளப்பைத் தரும். நல்ல கதையும் அத்தகையதே.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, மாணவனாகிய நான் பேசும் இயந்திர நாய் ஜீனோவையே வியந்து பார்த்தேன். அண்மையில் சில பகுதிகளை மீண்டும் பார்த்தேன். அன்று மலைக்கவைத்த காட்சி நுட்பங்கள் இன்று எளியனவாகத் தோன்றின. ஆனால், குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவை நாட வேண்டியிருந்த நிலாவின் நிலை நெஞ்சை உறுத்தியது. காணாமற்போன கணவனைத் தேடும் அவளுக்கு இயந்திரமே துணையாகிறது.

அக்கதை கற்பனை செய்த 2020கள் வந்துவிட்டன. சிந்திக்கும் இயந்திரத்தைவிட, வினவ மறந்த மனிதரே அஞ்சத்தக்கவர் என்பதை இரண்டாம் பார்வையே எனக்கு உணர்த்தியது. மாணவர்களே, வியந்தவற்றை மீண்டும் பாருங்கள். இம்முறை வினவிக்கொண்டே பாருங்கள்.