வாசலிலேயே கேளுங்கள், யார் வேண்டும் என்று!

மெயில் சர்வர் அமைப்பது பெரிய நிறுவனங்களின் வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு பழைய கம்ப்யூட்டரும், லினக்ஸும், இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் புரோகிராமும் இருந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். நண்பர் ஒருவரின் சிறிய அலுவலகத்திற்கு நானும் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். பிறகு பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

இன்டர்நெட்டுடன் இணைந்த கம்ப்யூட்டர் மெயிலை வாங்கி, உள்ளே 192.168.1.10 என்ற முகவரியில் இருக்கும் சர்வருக்குத் தள்ளிவிட வேண்டும். இதைத்தான் ரிலே என்கிறோம். 'ரிலே டொமைன்ஸ்' வரியில் அலுவலக டொமைன் பெயரைக் கொடுத்தேன். 'டிரான்ஸ்போர்ட்' ஃபைலில் உள்முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அந்த அடைப்புக்குறி இருந்தால்தான் டிஎன்எஸ்ஸில் தேடாமல் மெயில் நேராக அங்கே போகும். சோதனை மெயில் போய்ச் சேர்ந்தது. மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினேன்.

ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அது 'ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்'. இது காலியாக இருந்தால், அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் வாசல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொள்ளும்.

இதில் என்ன பிரச்னை என்கிறீர்களா? ஸ்பேம் அனுப்புவோர் இல்லாத பெயர்களுக்கெல்லாம் மெயில் அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் சர்வர் 'அப்படி யாரும் இல்லை' என மறுக்கும். வாங்கிவிட்ட வாசல் கம்ப்யூட்டர் அதை அனுப்பியவருக்கே திருப்பும். ஆனால் அனுப்பியவர் முகவரியே போலி! சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் மெயில் பாக்ஸில் நம் குப்பை போய் விழும். இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர். சில வாரங்களில் எங்கள் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறியது. நண்பர் அனுப்பிய கொட்டேஷன்கள் திரும்பி வந்தன. ஓர் ஆர்டர் கைநழுவியது.

ஸ்பேம் ஃபில்டர் போட்டால் போதும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இல்லாத ஆளுக்கு வரும் மெயிலை வாங்காமல் இருப்பதுதான் முதல் வேலை, ஃபில்டர் இரண்டாவது. இருக்கும் முகவரிகளை ஒரு ஃபைலில் எழுதி, 'போஸ்ட்மேப்' கட்டளை கொடுத்து, அந்த வரியில் இணைத்தால் முடிந்தது.

யார் மெயிலையும் யாருக்கும் கடத்தும் பழைய வழக்கத்தை சென்ட்மெயில் புரோகிராம் 1998ல் வெளியான 8.9 பதிப்பில் தானாகவே மூடியது. ஆனால் முகவரிப் பட்டியலை நாம்தான் தர வேண்டும்.

இன்றே வெளியிலிருந்து, இல்லாத ஒரு பெயருக்கு மெயில் அனுப்பிப் பாருங்கள். உங்கள் சர்வர் 550 என்று மறுத்தால் நிம்மதி. 250 என்று ஏற்றுக்கொண்டால், உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது.