குதிரைத்திறன் இருக்கட்டும், கடிவாளம் எங்கே?

அமெரிக்காவில் பழைய ராணுவ லாரிகளை வாங்கி, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடி ரோட்டில் ஓட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குள் ரொம்ப வருஷமாக ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது. "வந்தது வந்தபடி இருக்கணும், ஒரு போல்ட்டைக்கூட மாத்தக் கூடாது" என்பது ஒரு அணி. "வண்டி நம்மோடது, இஞ்சினைக் கழற்றிப் போட்டு வேற வைப்போம்" என்பது எதிரணி. இரண்டு அணியும் பேசுவது இஞ்சினைப் பற்றி. பேச வேண்டியதோ பிரேக்கைப் பற்றி.

இந்தச் சண்டை அதிகம் நடப்பது எம்35 லாரியைச் சுற்றி. 1950-இல் ரியோ கம்பெனி தயாரிக்க ஆரம்பித்த, மூன்று அச்சுகளுக்கும் இஞ்சின் விசை போகிற லாரி. பட்டப்பெயர் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்', அதாவது இரண்டரை டன். அது கரடுமுரடான பாதையில் ஏற்றும் சுமையின் கணக்கு. வெறும் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டன்!

அசல் அணி எதற்காக இவ்வளவு உருகுகிறது? அதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வரிசையில் வந்த எம்35ஏ2-வில் இருப்பது மல்டிஃப்யூயல் இஞ்சின். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல், எதை ஊற்றினாலும் ஓடும். ஜெர்மனியின் மான் கம்பெனி கண்டுபிடித்த முறை அது. எரிபொருளைப் பிஸ்டன் குழியின் சுவரில் மெல்லிய படலமாகப் பீய்ச்சி, அது ஆவியாக ஆவியாக எரிய விடுவது. உள்ளே வந்திருப்பது கெட்டியா நீர்த்ததா என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க பம்பிலேயே ஒரு கருவி உண்டு. சில வண்டிகளில் டர்போ விசில் அடிக்கும் சத்தம் ரொம்பத் தூரத்துக்குக் கேட்கும். இதைக் கழற்றிப் போட யாருக்கும் மனசு வராதுதான்.

ஆனால் 'ஒரு போல்ட்டைக்கூட' என்ற வசனத்தை அமெரிக்க ராணுவமே மதிக்கவில்லை. எம்35 பிறந்தபோது அதில் இருந்தது பெட்ரோல் இஞ்சின். பிறகு மல்டிஃப்யூயல் வந்தது. 1990களில் பழைய வண்டிகளையே பிரித்து, கேட்டர்பில்லர் டீசல் இஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் வைத்து எம்35ஏ3 என்று பெயர் மாற்றினார்கள். இதில் எது அசல், எது நகல்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எம்35ஏ2-வின் பிரேக் ஒற்றைச் சுற்று. காலால் மிதித்தால் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, காற்றழுத்த உதவியோடு, எல்லாச் சக்கரங்களுக்கும் ஆயில் அழுத்தம் போகும். ஏதாவது ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகினாலோ, ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலோ மொத்த பிரேக்கும் போச்சு. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்றால், அது நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான். ஓடுகிற ஆறு டன்னை நிறுத்த அல்ல. அமெரிக்காவில் சாதாரணக் கார்களுக்கே 1968 முதல் பிரேக்கை இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும்.

மாற்றல் அணியாவது இதைக் கவனிக்கிறதா? ம்ஹூம்.

1. மல்டிஃப்யூயலின் பலம் சுமார் 130 குதிரைத்திறன். பம்பில் எரிபொருள் அளவைத் திருகி ஏற்றுகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் கம்மின்ஸ் இஞ்சினுக்குத் தாவுகிறார்கள். ராணுவக் கணக்கில் மணிக்கு 90 கிலோமீட்டர்தான் அதிகபட்சம். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேல்.

2. உயரமான டயர் மாட்டுகிறார்கள். டயர் பெரிதாக ஆக, அதே டிரம் அதைப் பிடித்து நிறுத்துவது கடினமாகும்.

3. பின் அச்சில் ஒன்றை வெட்டி எடுத்து நாலு சக்கர வண்டியாக்குகிறார்கள். எடை குறைகிறது, வாஸ்தவம். கூடவே இரண்டு பிரேக் டிரம்களும் போகின்றன.

ஆக, ஓடுகிற பக்கத்துக்கு வரவு மேல் வரவு, நிற்கிற பக்கத்துக்குச் செலவு மட்டும். எந்தக் கணக்கு வாத்தியாரும் இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போட மாட்டார்.

"ராணுவம் இதே பிரேக்கோடதானே இத்தனை வருஷம் ஓட்டிச்சு?" என்று இரண்டு அணியும் ஒரே குரலில் கேட்கும். ஓட்டியதுதான். அங்கே கால அட்டவணை போட்டுப் பராமரித்தார்கள், சிலிண்டரைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக் இருந்தார். சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துரு ஏற்றுகிறது என்று 1980களில் சிலிக்கோன் ஆயிலுக்கும் மாறினார்கள். ஐம்பது வருஷ ரப்பர் குழாயோடு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குள் போகும்படி ராணுவம் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

"வரலாறு போயிடுமே?" போகாது. இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்து, முன் அச்சுக்கு ஒரு வழி, பின் அச்சுகளுக்கு ஒரு வழி என்று பிரிக்க லாரியை வெட்ட வேண்டியதில்லை. பழைய பாகத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தால், என்றாவது மியூசியத்துக்குப் போகும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம். செலவும் இஞ்சின் மாற்றுவதைவிடக் குறைவு. ரோட்டுக்கே வராமல் ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் ஒன்றுமே மாற்ற வேண்டாம், அசல் அணிக்கே முழு வெற்றி.

ஆனால் ரோட்டுக்கு வந்துவிட்டால் அது தனி ஆள் சொத்து மட்டும் இல்லை. டர்போ விசிலின் சந்தோஷம் ஓட்டுகிறவருக்கு. பிரேக் போனால் நஷ்டம், சிக்னலில் முன்னால் நிற்கிற சின்னக் காரில் இருக்கும் குடும்பத்துக்கு. அவர்கள் எந்த அணியிலும் இல்லை, ஏலத்தில் கை தூக்கவும் இல்லை.

அதனால் வரிசை இதுதான்: முதலில் குழாய், சிலிண்டர், ஆயில். அடுத்து இரட்டைச் சுற்று. அதற்கப்புறம் இஞ்சினை வைத்துக்கொள்வதோ மாற்றுவதோ அவரவர் இஷ்டம். பட்டிமன்றம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.