வெயில் இல்லாத மாதங்களில் எலும்புக்குச் சாப்பாடு



வின்ரர் தொடங்கினால் எங்கள் வீடுகளில் ஒரே கதைதான். "இடுப்பு உளையுது, முழங்கால் பிடிக்குது, படி ஏற ஏலாமல் கிடக்குது." உடனே குளிரின் மேல் பழியைப் போட்டு, சித்தாலேபவைத் தடவிக்கொண்டு படுத்து விடுகிறோம். குளிர்தான் காரணமாகவும் இருக்கலாம், நின்று செய்யும் வேலையாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதைப்பற்றி எங்கள் ஆட்கள் பேசுவது குறைவு. அதுதான் விற்றமின் டி.

மற்ற விற்றமின்களை நாங்கள் வாயால் சாப்பிடுகிறோம். இதைப் பெரும்பாலும் தோலால் சாப்பிடுகிறோம் என்று சொல்லலாம். வெயில் படும்போது உடம்பு தானே இதைச் செய்துகொள்ளும். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. அங்கே கிணற்றடிக்கும் கடைக்கும் போய் வந்தாலே போதும், ஒருவரும் இதைப்பற்றி யோசித்ததில்லை. லவால் இருப்பதோ நாற்பத்தைந்தரைப் பாகையில். இங்கே வின்ரரில் சூரியன் தலைக்கு மேலே வருவதில்லை, சரிந்தபடியே போய் மறைந்து விடுகிறது. சரிந்து வரும் கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் வரவேண்டியிருப்பதால், விற்றமினை உண்டாக்கும் பகுதி வழியிலேயே வடிபட்டுப் போகிறது. 1988இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நவம்பர் முதல் பெப்ரவரி வரைக்கும், எங்கள் எட்மன்ரனில் ஒக்ரோபர் முதல் மார்ச் வரைக்கும் வெயிலில் தோலை வைத்தாலும் விற்றமின் உண்டாகவில்லை என்று கண்டார்கள். லவால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலிலும் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

எங்கள் தோலின் கறுப்பு ஊர் வெயிலுக்கு ஒரு குடை. இங்கே அந்தக் குடை தேவையில்லாமல் விரிந்தே கிடக்கிறது. அதே அளவு விற்றமினுக்கு வெள்ளைக்காரரை விட எங்களுக்குக் கூடிய நேரம் வெயில் வேண்டும். அதோடு எங்கள் வாழ்க்கையையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே ஏழரை மணிக்குத்தான் விடிகிறது, நாலேகாலுக்கு இருட்டி விடுகிறது. இருட்டோடு ஏஜென்சி வானில் ஏறி, யன்னல் இல்லாத தொழிற்சாலையில் நின்று, திரும்ப இருட்டோடு பேஸ்மென்ற் வீட்டுக்கு வருகிறோம். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள் நாலு மாதம் வெளியே தலைகாட்டுவதே இல்லை.

இந்த விற்றமின் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? சாப்பாட்டிலுள்ள கல்சியத்தை உடம்பால் சரியாக உறிஞ்ச முடியாது. வளரும் பிள்ளைக்கு எலும்பு மெதுமையாகிக் கால் வில்லுப்போல வளையும். இதைத்தான் றிக்கற்ஸ் என்கிறார்கள். பெரியவர்களுக்கு எலும்பு நோகும், தசை பலம் குறையும், கதிரையிலிருந்து எழும்பவே கஷ்டமாகும்.

இது கறுப்புத் தோல்காரருக்கு மட்டும் வந்த வருத்தம் என்று நினைக்கவேண்டாம். 1960களில் மொன்றியால் சிறுவர் வைத்தியசாலைக்கு, கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த நோயோடு வந்தார்கள். அங்கே வேலைசெய்த மக்கில் பல்கலைக்கழக வைத்தியர் சாள்ஸ் ஸ்கிறைவர், பாலில் விற்றமின் டி கலக்கவேண்டும் என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டார். அப்படியே சட்டம் வந்தது. 1970களில் இந்த நோய் இங்கே மிக அரிதாகிப் போனது. இந்த மனிதர் 2023இல் காலமானார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடிக்கும் பாலில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது.

பிரித்தானியாவில் கதை வேறு மாதிரிப் போனது. 1960களிலும் 70களிலும் கிளாஸ்கோ நகரில் இந்திய, பாகிஸ்தான் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதே நோய் வந்தபோது, அவர்களுடைய சப்பாத்தியையும் சாப்பாட்டு முறையையும்தான் பலர் குற்றம் சொன்னார்கள். இங்கேயும் சிலர் எங்களைப் பார்த்து, சோறும் கறியும் தின்றால் இப்படித்தான் என்று சொல்லக்கூடும். சோறு, பருப்பு, கீரை, மீன் எல்லாம் நல்ல சாப்பாடுதான். மாறினது வானம். லண்டனிலுள்ள சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே கடையில் வாங்கும் சாதாரணப் பாலில் விற்றமின் டி கலக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

சரி, எவ்வளவு வேண்டும்? ஒரு வயது முதல் எழுபது வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 அலகு என்று கனடாவில் வகுத்திருக்கிறார்கள். புதிய விதிப்படி 250 மில்லிலீற்றர் பாலில், அதாவது ஒரு கோப்பையில், 200 அலகு இருக்கவேண்டும். முன்பு இதில் பாதியளவுதான் இருந்தது. பெட்டியில் மைக்கிறோகிறாம் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். ஒரு மைக்கிறோகிறாம் 40 அலகு. ஆகவே 5 என்று கண்டால் 200 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள்தான் நாள் முழுக்கப் பால் தேத்தண்ணி குடிக்கிறோமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு தேத்தண்ணிக்கு 50 மில்லிலீற்றர் பால் என்றால் மூன்று தேத்தண்ணிக்கு 150. அதில் கிடைப்பது 120 அலகு. பாலைக் காய்ச்சுவதால் இந்த விற்றமின் பெரிதாக அழியாது, அது நல்லது. ஆனாலும் தேத்தண்ணி மட்டும் காணாது. பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கோப்பை பால் கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லக்ரோஸ் இல்லாத பால் வாங்கலாம், அதிலும் இதே அளவுதான். யோகட், சீஸ், சோயாப்பால், தமிழ்க்கடை மாப்பால் ஆகியவற்றில் சிலதில் இருக்கும், சிலதில் இராது. வாசித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

மீனில் எங்களுக்குக் குறைவில்லை. கொழுப்புள்ள மீனில்தான் இது கூட இருக்கும். சமன், சூடை, கும்பளா எல்லாம் நல்லது. ரின்னில் வருவதும் நல்லதுதான். மலிவு விலைக்குப் போடும் கிழமையில் நாலைந்து சமன் ரின் வாங்கி வைத்து, முள்ளையும் எறியாமல் பிசைந்து கட்லெற் போட்டால் கல்சியமும் சேர்ந்து கிடைக்கும். முட்டை மஞ்சட்கருவிலும் கொஞ்சம் உண்டு. சோறு, மா, மரக்கறியில் இதைத் தேடவேண்டாம். மரக்கறி மட்டும் சாப்பிடும் குடும்பங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். தாய்ப்பாலுக்கு நிகர் வேறொன்றும் இல்லை, ஆனால் அதில் இந்த விற்றமின் மிகக் குறைவு. அதனால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து தினமும் 400 அலகு துளிமருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். "நாங்கள் ஊரில் துளி குடித்தா வளர்ந்தோம்?" என்று மாமியார் கேட்டால், "மாமி, அங்கே வெயில் இருந்தது" என்று சொல்லுங்கள். சில மருந்துப் போத்தல்களில் ஒரு துளியிலேயே 400 அலகு, சிலதில் ஒரு மில்லிலீற்றரில் 400 அலகு. இதை மாறிக் கொடுத்தால் ஆபத்து. பார்மசியில் கேட்டு, அளவைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். பெரியவர்களும் கூடினால் நல்லது என்று அள்ளிப்போடக் கூடாது. நாளொன்றுக்கு 4000 அலகைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு.

கர்ப்பிணிப் பெண்கள், கையில் காசு குறைவு என்றால், உங்கள் சி.எல்.எஸ்.சி.யில் ஓலோ உதவியைப்பற்றிக் கேளுங்கள். பிரெஞ்சில் முட்டை, பால், தோடம்பழம் ஆகிய மூன்றின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. வெட்கப்படத் தேவையில்லை, எங்களுக்கு முன்னர் இங்கே வந்தவர்களும் பெற்ற உதவிதான். பிள்ளையின் கால் வளைவதுபோலத் தெரிந்தாலோ, நடக்கப் பிந்தினாலோ, உங்கள் எலும்பு நோ மாதக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, 811 இலக்கத்துக்கு அடித்துத் தாதியோடு கதையுங்கள். பாஷை தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2026 ஜனவரி 1 முதல் கொழுப்பு, சீனி, உப்புக் கூடிய பெட்டிகளின் முன்பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம் ஒன்று கட்டாயமாகியிருக்கிறது. அது என்ன சொல்கிறது, எங்கள் தேங்காய்ப்பால் ரின்னை என்ன செய்வது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.