லேகியம் வேண்டாம்... விளையாடுங்கள்!

'டாக்டர், இவனுக்கு ஞாபகசக்திக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன்!'

போன மாதம் என் கிளினிக்குக்கு வந்த ஒரு இளம் தாய், நாற்காலியில் உட்காரும்போதே இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் மூன்று வயதுப் பையன். கையில் அம்மாவின் செல்போன். நாடி பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். எல்லாம் செய்தான், கண்ணை மட்டும் போனை விட்டு எடுக்கவில்லை. 'இது இல்லேன்னா ஒரு வாய் சாதம்கூட இறங்காது டாக்டர். எதுலயும் ஒரு சுறுசுறுப்பே இல்லை' என்று குறைப்பட்டுக்கொண்டார் அந்த அம்மா.

எடை, உயரம், வயிறு எல்லாம் சரியாகவே இருந்தது. போனை மெல்ல வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். அழுவதற்கு வாயைத் திறந்தான். சட்டென்று அவன் உள்ளங்கையை விரித்து, என் முழங்கையால் பருப்பு கடைய ஆரம்பித்தேன். கடைந்த பருப்பை அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், ஆச்சிக்கு ஒரு வாய் என்று ஒவ்வொரு விரலாக மடக்கினேன். கடைசியில் என் விரல்கள் அவன் கைமேல் ஊர்ந்து போய் அக்குளைத் தொட்டதும்... பையன் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்! 'இன்னொரு வாட்டி!' என்று கையை நீட்டினான்.

'ஐயோ, எங்க ஆச்சி செய்வாங்க டாக்டர் இதை! எனக்கு மறந்தே போச்சு...' என்றார் அந்த அம்மா. நான் லேகியம் எழுதித் தரவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கிளம்பிப் போனார்.

இப்படிக் கேட்டு வருகிறவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. அதனால்தான் உங்களிடம் மனம் விட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். வல்லாரை நல்ல மூலிகைதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால், நன்றாக இருக்கிற குழந்தைக்கு மூளை டானிக் எதற்கு? தன்னோடு விளையாட ஆள் இல்லாமல் ஒரு குழந்தை மூலையில் உட்கார்ந்திருந்தால், அந்தக் குறையை எந்த லேகியமும் தீர்க்காது. இதைச் சொன்னால் என் கல்லாவுக்குத்தான் நஷ்டம். பரவாயில்லை!

பத்துப் பருவமும் விளையாட்டும்

நம் பெரியவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தைக்குப் பத்துப் பருவங்கள் வகுத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. அப்புறம் தளிர்நடை போட்டு வருவது வருகை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. கடைசி மூன்றும் ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். கவனித்தீர்களா? முக்கால்வாசி விளையாட்டுதான்! தடுப்பூசி போடப் போகும்போது குழந்தை மருத்துவர் 'தலை நிற்குதா? கை தட்டுறானா? நடக்கிறானா?' என்று கேட்கிறாரே, அதே கணக்குதான் இதுவும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு வயது முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தை ஒரு நாளில் குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். இரண்டு வயதுக்குள் டி.வி., செல்போன் கூடவே கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதிலும் குறைத்தால் நல்லது.

பருப்பு கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது, காலணா செலவில்லை. அதற்குள் ஐந்து விரல், ஐந்து உறவு, 'இப்போ வரப் போகுது' என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் கவனம், தொடும்போது கிடைக்கிற பாசம், எல்லாம் இருக்கிறது. குழந்தை முகம் மாறினால் நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள். சிரித்தால் இன்னொரு முறை செய்வீர்கள். செல்போன் செய்யுமா?

'நேரம் எங்கே டாக்டர் இருக்கு?'

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் சாயங்காலம் என்பதே ஒரு ஓட்டம்தான். அதனால் தனியாக நேரம் தேட வேண்டாம். செய்கிற வேலைக்குள்ளேயே விளையாட்டைச் சேர்த்துவிடுங்கள்.

சப்பாத்திக்கு மாவு பிசைகிறீர்களா? ஒரு உருண்டையை அதன் கையில் கொடுங்கள். பாம்பு, இட்லி, பிள்ளையார் எல்லாம் வரும். துணி மடிக்கிறீர்களா? 'அப்பா சாக்ஸுக்கு ஜோடி எங்கே?' என்று தேட விடுங்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது இரண்டு டம்ளர் போதும், ஊற்றி ஊற்றியே அரை மணி நேரம் போகும். பழைய வேட்டியில் உட்கார வைத்து ஹாலில் இழுத்தால் அதுதான் தேர். தென்னை ஓலை கிடைத்தால் காற்றாடி. கோடையில் நுங்கு சாப்பிட்டால் கூந்தலைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு கூந்தல், ஒரு குச்சி, ஒரு கவட்டைக் கம்பு... வண்டி தயார்! வீடு கொஞ்சம் குப்பையாகும். ஆகட்டுமே!

இது அம்மா வேலை என்று ஈஸிசேரில் சாய்ந்துவிடாதீர்கள் அப்பாக்களே. உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

என் மகள் சின்னவளாக இருந்தபோது காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர் என்று இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால், செப்புச் சாமானைப் பரப்பி வைத்துக்கொண்டு, 'அப்பா, டீ' என்று வெறும் சொப்பை நீட்டுவாள். 'நாளைக்குக் குடிக்கிறேன்டா கண்ணு' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். இப்போது அவளுக்கே ஒரு பெண் குழந்தை. போன லீவில் பேத்தி நீட்டிய டீயை நான் உறிஞ்சி, 'சர்க்கரை ஜாஸ்தி!' என்று முகத்தைச் சுளித்தேன். பேத்திக்கு ஒரே சிரிப்பு. பக்கத்தில் நின்ற மகள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: 'எனக்கு மட்டும் அந்த நாளைக்கு வரவே இல்லையேப்பா?' பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்தவன், என் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் கொடுக்கவில்லை.

கொஞ்சம் ஜாக்கிரதை!

விளையாட்டில் ஆபத்தும் உண்டு. புளியங்கொட்டை, சோழி, மணி, வேர்க்கடலை... இதெல்லாம் மூன்று வயதுக்குக் கீழே கையில் படவே கூடாது. ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்குகிற எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடும். மூக்கில் போட்டுக்கொண்டால் நீங்களே குச்சியை விட்டு நோண்டாதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் விளையாட்டில் வாளிப் பக்கம் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள்.

இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தை என்றால், 'விளையாடினால் சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். என்னைப் போன்றவர்களிடம் லேகியத்துக்கும் வர வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

மற்றபடி நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கு நான் எழுதித் தரும் சீட்டு இதுதான்...

மருந்து: அம்மா ஒரு பங்கு, அப்பா ஒரு பங்கு, தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் விசேஷம். அளவு: தினம் அரை மணி நேரம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எப்போது வேண்டுமானாலும். அனுபானம்: சிரிப்பு. பத்தியம்: அந்த அரை மணி நேரம் செல்போனைத் தொடக் கூடாது. பத்தியம் குழந்தைக்கு இல்லீங்க... உங்களுக்கு!

இன்றைக்கு ராத்திரியே ஆரம்பியுங்கள். வெறும் சொப்பில் டீ வந்தால் 'நாளைக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.