முகவரியற்ற இளையோரும் முழுமை பெறாத குடியாட்சியும்

பிரித்தானியாவில் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிவதற்கும், வங்கிக் கணக்கொன்றைத் திறப்பதற்கும், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும் முதலில் கேட்கப்படுவது முகவரியே. நிலையான வீடு உள்ளவருக்கு இது ஒரு நொடியில் விடையளிக்கக்கூடிய கேள்வி. வீட்டை இழந்து, நண்பர்களின் வீட்டு வரவேற்பறைகளில் மாறி மாறி உறங்கும் பதினெட்டு வயது இளையவருக்கோ அதுவே கடக்கவியலாத மதிலாகி விடுகின்றது. இளையோரின் வீடின்மை இந்நாட்டில் பெரும்பாலும் நலன்புரித் துறையின் பிரச்சினையாகவே பேசப்படுகின்றது. அது குடியாட்சியின் பிரச்சினையும் ஆகும் என்பது போதியளவு உணரப்படவில்லை. லண்டனிலும் அதன் புறநகர்களிலும் வாழும் தமிழ் மக்கள் இதனை உணர வேண்டிய தேவை ஏனையோரை விடக் குறைந்ததன்று.

வீடற்றோர் தொடர்பான பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியது என்பதை முதன்முதலில் தெளிவாக வரையறுத்தது 1977 ஆம் ஆண்டின் சட்டமாகும். 1966 இல் பிபிசி ஒளிபரப்பிய 'கதி கம் ஹோம்' நாடகமும், அதே ஆண்டில் உருவான ஷெல்ட்டர் அமைப்பும், 1969 இல் சோகோவில் இளையோருக்கென இரவு உறைவிடமொன்றைத் திறந்த சென்டர்பொயின்ட் அமைப்பும் இச்சட்டத்திற்கு முந்திய பொதுமக்கள் விழிப்பின் அடையாளங்கள். எனினும், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், கர்ப்பிணிகள், முதுமையாலோ நோயாலோ நலிவுற்றோர் ஆகியோருக்கே இச்சட்டம் முன்னுரிமை அளித்தது. உடல்நலமுள்ள, தனித்த இளையவர் அந்த வட்டத்துக்கு வெளியே விடப்பட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இங்கிலாந்தில் அந்த வட்டத்தின் அடிப்படை மாறவில்லை.

1988 இல் நிலை மேலும் மோசமடைந்தது. 16, 17 வயதினரில் பெரும்பாலோருக்கு வருமான உதவிக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. 25 வயதுக்குக் குறைந்தோருக்குக் குறைந்த கொடுப்பனவு என்ற முறையும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. லண்டன் வீதிகளில் உறங்கும் இளையோர் அதன் பின்னரே நாட்டின் கண்களுக்குத் தெரியலாயினர். 16, 17 வயதினர் முன்னுரிமைப் பிரிவில் சேர்க்கப்படுவதற்கு 2002 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரும் சிறுவர் நலப் பிரிவும் வீடமைப்புப் பிரிவும் இப்பிள்ளைகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளிவிடும் வழக்கம் தொடர்ந்தது. வீடற்ற 16, 17 வயதுப் பிள்ளையின் பொறுப்பு முதன்மையாகச் சிறுவர் நலப் பிரிவுக்கே உரியது என 2009 மே மாதத்தில் பிரபுக்கள் சபை வழங்கிய சதக் வழக்குத் தீர்ப்பு அந்தத் தள்ளுமுள்ளுக்குச் சட்டரீதியாக முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு பதினெட்டாவது பிறந்தநாளோடு முடிவுக்கு வருகின்றது. பராமரிப்பு இல்லங்களிலிருந்து வெளியேறும் இளையோருக்கு 20 வயது வரை முன்னுரிமை உண்டு. ஏனையோர் தாம் விசேடமாக நலிவுற்றவர் என்பதை நிறுவ வேண்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் ஒரு முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டை இழக்கும் அபாயத்தில் உள்ள எவருக்கும் 56 நாட்களுக்குத் தடுப்பு உதவியும், இழந்த பின்னர் மேலும் 56 நாட்களுக்கு நிவாரண உதவியும் வழங்குவது மன்றத்தின் கடமையாயிற்று. ஆயினும் அந்நாட்கள் முடிந்த பின்னர் வீடு வழங்கும் முழுக் கடமை பழைய முன்னுரிமை வட்டத்தினுள் உள்ளோருக்கு மட்டுமே. தனித்த இளையவர் பலருக்குக் கிடைப்பது அறிவுரைக் கடிதம் ஒன்றும் தொலைபேசி இலக்கங்கள் சிலவுமே.

வயதை அளவுகோலாகக் கொண்ட வேறு விதிகளும் இதனுடன் பின்னிக் கிடக்கின்றன. தனியார் வாடகை வீட்டில் தனித்து வாழும் 35 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான அளவிலேயே வாடகை உதவி கிடைக்கும். 2012 க்கு முன்னர் இவ்வெல்லை 25 வயதாக இருந்தது. யுனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவில், 2025–26 நிதியாண்டில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள தனிநபருக்கு மாதத்திற்கு 400.14 பவுண்கள் வழங்கப்பட்டன. 25 வயதுக்குக் குறைந்தவருக்கு 316.98 பவுண்கள் மட்டுமே. இளையவர் பெற்றோருடன் வாழ்வார், ஆகவே செலவு குறைவு என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். பெற்றோரின் வீட்டுக்குத் திரும்ப முடியாதவருக்கு பாணின் விலையிலோ பேருந்துக் கட்டணத்திலோ எவரும் சலுகை தருவதில்லை.

இவ்வாறு விதிகளின் இடுக்குகளில் விழுந்தோர் எத்தனை பேர் என்பதும் ஒழுங்காகக் கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஓர் இரவை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்தில் வீதியில் உறங்குவோர் கணக்கிடப்படுகின்றனர். 2010 இல் 1,768 ஆக இருந்த அத்தொகை 2024 இல் 4,667 ஆக உயர்ந்தது. ஆனால் இளையோரில் பலர் வீதியில் உறங்குவதில்லை. நண்பரின் சோபாவில், இரவுப் பேருந்தில், அறிமுகமற்றவரின் அறையில் அவர்கள் இரவைக் கழிக்கின்றனர். மன்றத்தின் வாசலுக்குச் செல்லாத வரை அவர்கள் எப்புள்ளிவிபரத்திலும் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு வரவுசெலவுத் திட்டத்திலும் இடமிருப்பதில்லை.

குடியியல் வாழ்வு பாதிக்கப்படுவது இங்கேதான். வீடற்றவருக்கும் வாக்குரிமை உண்டு. 2000 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஓரிடத்துடன் தமக்குள்ள தொடர்பை உறுதிப்படுத்தி வாக்காளராகப் பதிவு செய்யும் வழியை அவர்களுக்குத் திறந்து வைத்தது. ஆனால் ஏனையோர் இணையத்தில் சில நிமிடங்களில் செய்துவிடும் பதிவை, இவர்கள் தனியான காகிதப் படிவத்தில் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அத்துடன், 2014 இல் தனிநபர் பதிவுமுறை வந்த பின்னர், குடும்பத் தலைவர் ஒரே படிவத்தில் பிள்ளைகளின் பெயர்களையும் பதிந்துவிடும் பழைய வழக்கமும் மறைந்தது. வீட்டை விட்டு வெளியேறிய பதினெட்டு வயதினரின் பெயர் இடாப்பில் இல்லாதிருப்பதில் வியப்பேதும் இல்லை.

2022 ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டையையும் கட்டாயமாக்கியது. அச்சட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்தபோது முதியோரின் இலவசப் பேருந்து அட்டை ஏற்கப்பட்டது. மாணவரின் ஒய்ஸ்டர் அட்டையோ இளையோருக்கான தொடருந்து அட்டையோ ஏற்கப்படவில்லை. இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அடுத்த இரவு எங்கே உறங்குவது என்று தேடுபவர் அதற்கு விண்ணப்பிப்பார் என எதிர்பார்ப்பது நடைமுறையை அறியாதோரின் எண்ணம். வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கப் போவதாக அரசாங்கம் 2025 ஜூலையில் அறிவித்தது. வயதைக் குறைத்தால் மட்டும் போதாது; அந்த வயதினரின் முகவரிகள் நிலைத்திருப்பதற்கும் வழி வேண்டும்.

இடாப்பில் பெயர் இல்லாமையின் விளைவு ஒரு வாக்குடன் முடிவதில்லை. நீதிமன்ற ஜூரிகள் அதே இடாப்பிலிருந்தே தெரிவு செய்யப்படுகின்றனர். கடன் வழங்கும் நிறுவனங்கள் ஒருவரின் வதிவிடத்தை அதே இடாப்பிலேயே சரிபார்க்கின்றன. பாராளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளும் மக்கள்தொகையைக் கொண்டு வரையப்படுவதில்லை; பதிவு செய்த வாக்காளர் தொகையைக் கொண்டே வரையப்படுகின்றன. 2024 பொதுத் தேர்தலில் பயன்பட்ட எல்லைகள் 2020 மார்ச் மாத இடாப்பின் அடிப்படையில் அமைந்தவை. இளையோரும் வாடகைக் குடியிருப்பாளரும் நிறைந்த நகர்ப்புறங்களில் பதிவு குறையக் குறைய, அப்பகுதி முழுவதன் அரசியல் எடையும் குறைகின்றது. அதனால் சொந்த வீட்டில் வாழும் அயலவரும் தமது குரலில் ஒரு பகுதியை இழக்கின்றார். குரல் குன்றிய பகுதியின் தேவைகள் பாராளுமன்றத்தில் பின்தள்ளப்படுகின்றன. கொள்கையின் இடைவெளி அவ்வாறே நீடிக்கின்றது.

பொருளாதார விளைவும் அயலவரின் வாசலைத் தட்டாமல் விடுவதில்லை. இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் 2023–24 நிதியாண்டில் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு ஏறத்தாழ 2.29 பில்லியன் பவுண்களைச் செலவிட்டன. இதன் பெரும்பகுதி குடும்பங்களுக்கானது என்பது உண்மையே. எனினும் ஆரம்பத்தில் தடுக்கப்படாத நெருக்கடி பின்னர் பன்மடங்கு செலவாகத் திரும்பும் என்ற உண்மை இளையோருக்கும் பொருந்தும். பல தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஈஸ்ட்ஹாம், மனோர் பார்க் பகுதிகளை உள்ளடக்கிய நியூஹாம் மன்றம், 2025 இல் அரசாங்கத்திடம் சிறப்பு நிதி ஆதரவைக் கோர நேர்ந்தமைக்குத் தற்காலிகக் குடியிருப்புச் செலவும் ஒரு முதன்மைக் காரணம். அவ்வாறு செலவாகும் பணம், நூலகங்களுக்கும் இளையோர் நிலையங்களுக்கும் உரியதாயிருந்திருக்க வேண்டிய பணம். வீடிழக்கும் நிலையை அடைய முன்னரே ஓர் இளையவரை அடையாளங்காணக்கூடிய இடங்களும் அவையேயாகும்.

தமிழ் இளையோர் இந்நிலைக்கு இரு வழிகளால் வந்து சேர்கின்றனர். முதலாவது வழி புகலிடக் கோரிக்கையுடன் தொடர்புடையது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவுடன் உள்துறை அமைச்சு வழங்கிய தங்குமிடத்தை விட்டு 28 நாட்களில் வெளியேற வேண்டும் என்பது நீண்டகால விதி. 2024 டிசம்பரில் இது பரீட்சார்த்தமாக 56 நாட்களாக நீடிக்கப்பட்டு, 2025 செப்டம்பரில் தனித்து வாழும் பெரும்பாலானோருக்கு மீண்டும் 28 நாட்களாகக் குறைக்கப்பட்டது. யுனிவர்சல் கிரெடிட்டின் முதற் கொடுப்பனவு கைக்கு வர ஏறத்தாழ ஐந்து வாரங்களாகும். ஐந்து வாரங்கள் என்பது 35 நாட்கள். முற்பணமாகப் பெறுவதும் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே. பாதுகாப்பு வழங்குகின்றோம் என்று கூறும் கடிதமே ஓர் இளைஞனை வீதிக்கு அனுப்பும் கடிதமாகவும் மாறுவது இவ்வாறே.

இரண்டாவது வழி குடும்பத்தின் உள்ளே தொடங்குகின்றது. காதல், திருமணம், படிப்பு, பாலினநாட்டம், மறுமணம் செய்த பெற்றோருடன் ஏற்படும் மனத்தாங்கல், வீட்டு வன்முறை, ஓரறையில் நால்வர் உறங்கும் நெருக்கடி எனக் காரணங்கள் பல. இவை தமிழருக்கு மட்டும் உரியவையல்ல. ஆனால் "வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்" என்ற அச்சம் தமிழ்க் குடும்பங்களில் இவற்றை மேலும் சிக்கலாக்குகின்றது. பிள்ளையை இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதற்குப் பெற்றோரின் கடிதத்தையோ உறுதிப்படுத்தலையோ மன்றம் எதிர்பார்க்கும். அவ்வாறு எழுதிக் கொடுக்கப் பெற்றோர் கூசுவர்; மன்ற அதிகாரி தொலைபேசியில் அழைத்தால், பிரச்சினை எதுவும் இல்லை என்பர். கதவு மூடப்பட்ட பிள்ளைக்குத் தன் வீடின்மையை நிறுவுவதற்கும் வழியில்லாது போகின்றது. மானம் காக்கச் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல், பிள்ளையின் கோப்பை மூடிவிடுகின்றது.

2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,25,000 பேர் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறிப்பிட்டனர். எனினும் வீடின்மைப் புள்ளிவிபரங்களில் தமிழர் என்ற பிரிவு கிடையாது. ஈழத்தமிழர் பெரும்பாலும் 'ஏனைய ஆசியர்' என்ற பெட்டியினுள் அடங்கிவிடுகின்றனர். "தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பிரச்சினை இல்லை" என்ற பெருமிதத்திற்கு இந்த மறைவே துணைபோகின்றது. இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளோர், இந்நாட்டில் சட்டபூர்வமாக வதிவோராயின், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்க உரித்துடையோர். அகதி அந்தஸ்துப் பெற்ற தமிழ் இளையவருக்கும் இவ்வுரிமை உண்டு என்பதைத் தமிழர்களே பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அரசு வீடு கொடுத்தால் பிள்ளைகள் பெற்றோரை மதிக்காது வெளியேறுவர் என்ற வாதம் சமூகக் கூட்டங்களில் கேட்பதுண்டு. அது புறந்தள்ளத்தக்க வாதமன்று. குடும்பத்தில் சமரசம் சாத்தியமாயின் அதுவே முதல் வழியாக அமைய வேண்டும். ஆனால் அடியும் அச்சமும் உள்ள வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சமரசமாகாது. ஸ்கொட்லாந்து 2012 இறுதியில் முன்னுரிமை வட்டத்தையே நீக்கி, தன் தவறின்றி வீடிழந்த அனைவருக்கும் நிலையான குடியிருப்புக்கான உரித்தை வழங்கியது. போதிய வீடுகள் கட்டப்படாமையால் அங்கும் நெருக்கடி முற்றி, 2024 மே மாதத்தில் ஸ்கொட்டிஷ் அரசு வீடமைப்பு அவசரநிலையைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. வீடுகளைக் கட்டாது சட்டம் மட்டும் இயற்றுவது போதாது என்பதே அதன் பாடம். இளையவரின் உரித்தை மறுப்பதற்கு அது ஆதாரமாகாது.

ஆகவே கோரப்பட வேண்டியவை தெளிவானவை. இங்கிலாந்தில் முன்னுரிமை வட்டம் குறைந்தது 25 வயது வரையான இளையோரையேனும் உள்ளடக்க வேண்டும். பெற்றோரின்றி வாழும் இளையோருக்கு வயதைக் காரணங்காட்டிக் கொடுப்பனவைக் குறைப்பது நிறுத்தப்பட வேண்டும். அகதிகளின் 28 நாள் கெடு, முதற் கொடுப்பனவுக்கான காலத்தை விடக் குறுகியதாக இருத்தலாகாது. வீடின்மைக்கான உதவியை நாடி வரும் எவருக்கும் வாக்காளர் பதிவுப் படிவமும் அதே மேசையில் வழங்கப்பட வேண்டும்.

தமிழ்ச் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், ஆலயங்களும், ஊர்ச் சங்கங்களும், விளையாட்டுக் கழகங்களும் பல்லாயிரம் பிள்ளைகளை வாரந்தோறும் சந்திக்கின்றன. ஒரு பிள்ளை திடீரென வராது விட்டால் ஏனென்று விசாரிக்கவும், பெற்றோருடனும் பிள்ளையுடனும் தனித்தனியே பேசவும், மன்றத்திற்கு உடன் செல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வோர் அமைப்பிலும் இருத்தல் வேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை. ஊரிழந்து வந்து, பிறர் வீட்டு அறைகளில் பாய்விரித்து வாழ்வைத் தொடங்கிய தலைமுறைக்கு முகவரியின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அறிவை அடுத்த தலைமுறையின் பாதுகாப்பாக மாற்றுவதே இன்று செய்ய வேண்டிய பணி.